ஊர்வலத்தில் முதியவர்களுக்கு ஒரு கதிரை

கொஞ்சம் நீண்ட பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வரலாறுதான், ஆனால் எந்தப் பரீட்சைக்கும் வராது.

1913ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பேர்க் என்று ஒரு சின்ன ஊர். சரியாக ஐம்பது வருடங்களுக்கு முன்னர் அந்த ஊரின் வயல்வெளிகளில் மூன்று நாட்கள் பெரும் சண்டை நடந்தது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் போக்கையே மாற்றிய சண்டை அது. அதன் 50ஆவது ஆண்டு நினைவுக்காக, அந்த யுத்தத்தில் இரண்டு பக்கமும் நின்று சண்டை பிடித்தவர்களில் 53,000க்கும் மேற்பட்டோர் அங்கே வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். கை இல்லாதவர்கள், கால் இல்லாதவர்கள், பார்வை மங்கியவர்கள். தங்கியது கூடாரங்களில். வெயிலோ 100 பாகை பரனைட்டைத் தாண்டியிருந்தது. எங்கள் கணக்கில் 38 செல்சியஸ். சித்திரை மாதத்துப் பகலில் எங்கள் பக்கத்தில் கூடாரத்துக்குள் படுத்துப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

இன்றைக்கு இப்படி ஒரு யோசனையை ஒரு காப்புறுதிக் கம்பனிக்குக் கொண்டுபோனால், முதல் வசனம் முடிவதற்குள் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். அன்று நடத்தினார்கள். எப்படி நடத்தினார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். கூடாரமும் சமையலும் இராணுவத்தின் பொறுப்பு. மாநில சுகாதாரத் திணைக்களமும் செஞ்சிலுவைச் சங்கமும் வைத்திய முகாம்களை நடத்தின. குடிநீரைப் பனிக்கட்டியில் குளிர்வித்துக் கொடுத்தார்கள். சாரணச் சிறுவர்கள் கிழவர்களின் கையைப் பிடித்துக் கூடாரம் கூடாரமாக அழைத்துப் போனார்கள். நூற்றுக்கணக்கானோர் வெயிலில் சுருண்டு விழுந்து சிகிச்சை பெற்றார்கள். அந்த நாட்களில் முகாமில் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. அந்த வயதுக்கும் அந்த வெயிலுக்கும் அது மிகக் குறைந்த தொகை.

ஜூலை 3ஆம் திகதி, ஐம்பது வருடத்துக்கு முன் ஒருவரை ஒருவர் சுட்ட அதே கல்மதிலுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்று கை குலுக்கினார்கள். அந்தப் புகைப்படத்தைப் பல பாடப் புத்தகங்களில் போடுவார்கள். (அந்தச் சமரசத்தில் கறுப்பினத்தவருக்கும் அடிமைமுறை பற்றிய பேச்சுக்கும் எவ்வளவு இடம் கிடைத்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு அழகாக இருக்காது. அதை இன்னொரு நாளைக்குப் பேசுவோம்.)

இருபத்தைந்து வருடம் கழித்து, 1938இல், அதே இடத்தில் கடைசி ஒன்றுகூடல். இந்த முறை வந்தவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. சராசரி வயது ஏறத்தாழ 94. அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் பயணச் செலவைக் கொடுத்தது. அவரோடு கூட வரும் ஒரு பராமரிப்பாளருக்கும் கொடுத்தது. சக்கர நாற்காலிகள் தயாராக நின்றன. 94 வயது ஆளை “உங்கள் உடம்புக்கு ஆகாது, வீட்டில் இருங்கள்” என்று சொல்வது மிக இலகு. அதைச் சொல்லாமல், “உங்களோடு யார் வருகிறார்?” என்று கேட்டார்கள். நாங்கள் இந்தப் பதிவை எழுதுவது இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றித்தான்.

பிறகு என்ன மாறியது? நினைவு அணிவகுப்புகளை நடத்தும் வேலை அரசாங்கத்தின் கையிலும் இராணுவத்தின் கையிலும் மட்டும் இருக்கவில்லை. பிரித்தானியாவில் ஒவ்வொரு நவம்பரிலும் நினைவு ஞாயிறு வரும். லண்டனில் மன்னர் கலந்துகொள்ளும் பெரிய நிகழ்வு ஒன்று. அது தவிர நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஊர்களில் ஊர் நினைவுத்தூபி வரைக்கும் ஓர் அணிவகுப்பு. இதை நடத்துவது பெரும்பாலும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஊர்க் கிளை. கிளையின் செயலாளரும் பல இடங்களில் ஒரு முதியவர்தான். ஒரு காலத்தில் ஊர்ப் பொலிஸ்காரர் நடுத்தெருவில் நின்று கையைக் காட்டி வாகனங்களை மறிப்பார், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பின்னாளில் பொலிஸ், “தெருவை மூடுவது எங்கள் வேலை இல்லை, உள்ளூராட்சி சபையிடம் போங்கள்” என்று பல இடங்களில் ஒதுங்கிக்கொண்டது. சபையிடம் போனால் விண்ணப்பம், போக்குவரத்துத் திட்டம், ஆபத்து மதிப்பீடு, பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி. இதில் ஒரு வேடிக்கை, ஊர்வலத்துக்காகத் தெருவை மூடப் பல சபைகள் இன்னும் பாவிக்கும் சட்டம் 1847இல் வந்தது. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம்! சட்டம் பழையதுதான், அதற்குப் பின்னால் கட்டும் கோப்புதான் புதிது.

பொதுப் பொறுப்புக் காப்புறுதி என்றால் என்னவென்று சிலர் கேட்கலாம். நாங்கள் ஒரு நிகழ்வை நடத்துகிறோம். எங்கள் கவனயீனத்தால் யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டால் அவர் எங்கள் மீது வழக்குப் போடலாம். அந்த நட்டஈட்டைக் கட்டுவதற்கு முன்கூட்டியே எடுக்கும் காப்புறுதி அது. கம்பனி தவணைப் பணத்தை நிர்ணயிக்க முன்னர் சில கேள்விகள் கேட்கும். எத்தனை பேர்? என்ன வயது? நடந்தா, வாகனத்திலா? என்ன வாகனம்?

கடைசிக் கேள்வியில்தான் முன்னாள் படைவீரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நடக்க முடியாதவரைப் பழைய இராணுவ லொறியில் ஏற்றிச் செல்வது பார்ப்பதற்கு அழகு. ஆனால் அந்த லொறியில் ஆசனப் பட்டி இல்லை. ஏறும் படி இடுப்பளவு உயரம். பின்பெட்டியில் மரப்பலகை. சாரதி பிரேக்கை ஒருமுறை சற்று அழுத்தினால் இருபது வயது ஆள் தடுமாறுவார், தொண்ணூறு வயது ஆள் விழுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் எங்கள் எல்லோருடைய வீட்டிலும் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறோம். ஆகவே கேள்வி கேட்பவரை உடனே மனச்சாட்சி இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும்? 2012 நவம்பர் 15, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மிட்லண்ட் நகரம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயப்பட்ட படைவீரர்களைக் கௌரவிக்க ஓர் ஊர்வலம். இவர்கள் முதியவர்கள் அல்லர், ஆனாலும் இந்த விஷயத்தில் இதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. படைவீரர்களையும் மனைவிமாரையும் பெரிய தட்டை லொறிகளில் இருத்தி ஊர் நடுவே கொண்டு போனார்கள். பொலிஸ் துணைக்குப் போனது. தெரு ஓரத்தில் மக்கள் கொடி அசைத்தார்கள். பாதையில் ஒரு ரயில் கடவை. முதல் லொறி கடந்துவிட்டது. இரண்டாவது லொறி கடவையில் இருக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தில் சரக்கு ரயில் வந்து மோதியது. நான்கு படைவீரர்கள் இறந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் காயம். யுத்தகளத்திலிருந்து உயிரோடு வீடு வந்தவர்கள், கௌரவிப்பு ஊர்வலத்தில் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஒரு வருடம் விசாரித்தது. நகர சபையும் ஏற்பாட்டாளர்களும் ரயில் கடவையின் ஆபத்தை இனங்கண்டு குறைக்கத் தவறியதே காரணம் என்று முடிவு செய்தது. அந்த ஊர்வலத்துக்கு அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கவில்லை. ரயில் கம்பனிக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புப் போயிருந்தால் ரயில் மெதுவாக வந்திருக்கும். பொலிஸ் கூட வருகிறதே, எல்லாம் பார்த்திருப்பார்கள் என்று சாரதி நினைத்திருக்கலாம். ஏற்பாட்டாளர் பார்த்திருப்பார் என்று பொலிஸ் நினைத்திருக்கலாம். நல்ல காரியம்தானே என்ற நினைப்பில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு எங்கள் பதில் இந்த ஊர்வலம்தான்.

சரி, மறுபக்கத்தையும் பாருங்கள்.

2014 ஜூன். நோர்மண்டித் தரையிறக்கத்தின் 70ஆவது ஆண்டு. இங்கிலாந்தின் ஹோவ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த பேர்னார்ட் ஜோர்டன் என்ற 89 வயது முன்னாள் கடற்படை வீரர் காலையில் வெளியே போனார், இரவு திரும்பவில்லை. அந்த நகரத்தின் முன்னாள் மேயரும்கூட. பொலிஸ் தேடியது. பதக்கங்களை மழைக்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு கப்பல் ஏறி பிரான்ஸுக்கே போய்விட்டார் மனிதர்! உலகம் முழுக்கச் செய்தி பரவியது. “இல்லம் தடுத்தது, கிழவர் தப்பி ஓடினார்” என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். பிறகு மைக்கல் கெய்ன் நடித்துத் திரைப்படமும் வந்தது.

உண்மையில் இல்லம் அவரைத் தடுக்கவில்லை. உத்தியோகபூர்வப் பயணக் குழுவில் அவருக்கு இடம் எடுக்க முயன்றார்கள், காலம் பிந்திவிட்டது, கிடைக்கவில்லை. அவ்வளவுதான். அந்த வருடக் கடைசியில் அவர் காலமானார். ஒரு கிழமைக்குள் அவருடைய மனைவியும் காலமானார்.

இந்தக் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்துவது தப்பி ஓடிய சாகசம் அல்ல. விதிதான் தடுத்திருக்கும் என்று உலகமே ஒரு நிமிடத்தில் நம்பியது. ஏன் நம்பியது? அப்படி நடப்பதை எல்லோரும் எங்கேயோ பார்த்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிக் கதவை மூடும் ஆட்களை எல்லோருக்கும் தெரியும்.

பிரித்தானிய அரசாங்கமே இதை ஒத்துக்கொண்டது. 2010இல் யங் பிரபு என்ற முன்னாள் அமைச்சர் பிரதமருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பாதுகாப்பு விதிகளும் நட்டஈட்டுப் பயமும் சேர்ந்து ஊர் நிகழ்வுகளை எப்படி முடக்குகின்றன என்பது அதில் ஒரு பகுதி. அதில் ஒரு சிபாரிசு எங்களுக்கு மிகவும் பிடித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஓர் உத்தியோகத்தர் ஒரு நிகழ்வைத் தடுத்தால், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து அந்நாட்டின் சுகாதாரப் பாதுகாப்பு அதிகாரசபை ஒரு குழுவையே அமைத்தது. “பாதுகாப்பு விதிப்படி முடியாது” என்று யாராவது சொன்னால் பொதுமக்கள் அந்தக் குழுவுக்கு எழுத முடிந்தது. வந்த முறைப்பாடுகளில் பலவற்றில் அப்படி ஒரு விதியே இருக்கவில்லை. செலவு, சோம்பல், பழி வந்துவிடுமோ என்ற பயம், இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“காப்புறுதிக்காரன் விடமாட்டான்” என்பதும் இதே குடும்பம்தான். அப்படிச் சொல்பவரிடம் “எந்தப் பந்தியில் எழுதியிருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். சில வேளை பந்தி இருக்கும். பல வேளை பத்திரத்தை யாரும் திறந்தே இருக்கமாட்டார்கள்.

வழி இல்லாமல் இல்லை. லண்டனில் 1948இல் டெக்ஸிச் சாரதிகள் சேர்ந்து படைவீரர்களுக்காக ஒரு தர்ம அமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் சண்டையிட்ட முதியவர்களைத் தங்கள் கறுப்பு டெக்ஸிகளில் ஏற்றி நோர்மண்டி வரைக்கும் நெதர்லாந்து வரைக்கும் வரிசையாகக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார்கள். அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து அன்சாக் தின அணிவகுப்பிலும் நடக்க முடியாதவர்கள் டெக்ஸியில் வருவதுண்டு. யோசித்துப் பாருங்கள், டெக்ஸி என்பது ஏற்கெனவே ஆள் ஏற்றுவதற்கென்று பதிவு செய்த வாகனம். ஆசனம் இருக்கிறது, பட்டி இருக்கிறது, கூரை இருக்கிறது, பயணிகளுக்கான காப்புறுதி இருக்கிறது, சாரதிக்கு வயதானவரை எப்படி ஏற்றி இறக்குவது என்று தெரியும். பழைய லொறியின் கம்பீரம் இல்லை, அது உண்மை. ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டால் கை அசைக்கலாம்.

2019இல் நோர்மண்டியின் 75ஆவது ஆண்டுக்கு பிரித்தானியப் படைவீரர் சங்கம் ஒரு முழு உல்லாசக் கப்பலையே வாடகைக்கு எடுத்தது. 250க்கும் மேற்பட்ட முதியவர்கள். ஹோட்டல் மாறத் தேவையில்லை, பெட்டி தூக்கத் தேவையில்லை, படுக்கையும் மருத்துவரும் சாப்பாடும் ஒரே கூரைக்குக் கீழ். செலவுக்கு வங்கிகளிடம் அறவிட்ட தண்டப் பணம் உதவியது. எங்களிடம் கப்பல் இல்லை என்று சொல்வீர்கள். கப்பல் தேவையில்லை, அந்த யோசனை தேவை. முதியவரை நிகழ்வுக்கேற்ப வளைப்பதற்குப் பதில் நிகழ்வை முதியவருக்கேற்ப வளைத்தார்கள்.

சில நேரம் வேண்டாம் என்று சொல்வதுதான் சரி. 1919இல் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியபோது சிட்னியில் அன்சாக் அணிவகுப்பை நிறுத்தினார்கள். முகக்கவசம் அணிந்து, மூன்று அடி இடைவெளி விட்டு நின்று, சின்னதாக ஒரு நினைவு நிகழ்வை மட்டும் நடத்தினார்கள். நூறு வருடம் கழித்து 2020இல் திரும்பவும் அதே கதை. அவுஸ்திரேலியர்கள் அதிகாலையில் தங்கள் வீட்டு வாசலில் விளக்கோடு நின்றார்கள். லண்டனில் வழமையாக ஏறத்தாழ 10,000 பேர் அணிவகுக்கும் இடத்தில் முப்பதுக்கும் குறைவான முன்னாள் படைவீரர்கள் நின்றார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதே வருடம் மொஸ்கோவில் வேறு மாதிரி. வெற்றி அணிவகுப்பை மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளி, ஜனாதிபதிக்குப் பக்கத்தில் உட்காரவிருந்த முதிய வீரர்களை முன்கூட்டியே தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். அங்கே பாதுகாத்தது முதியவர்களையா, ஜனாதிபதியையா என்று எங்களுக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2024இல், நோர்மண்டியின் 80ஆவது ஆண்டுக்குப் புறப்பட்ட 102 வயது அமெரிக்க வீரர் ஒருவர் வழியில் நோயுற்று, ஜேர்மனியில் ஒரு வைத்தியசாலையில் காலமானார். எந்தப் படிவத்தாலும் எந்தக் காப்புறுதியாலும் அந்த வயதின் ஆபத்தை இல்லாமலாக்க முடியாது. அவரைப் போக விட்டிருக்கக் கூடாது என்று ஒருவர் சொல்லலாம். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். அவர் குழந்தை அல்ல.

எங்கள் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவுக்கு முன்னால் நிற்கும் யுத்த நினைவுத்தூபியை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். லண்டன் தூபியை வடிவமைத்தவரும் அவரேதான். முதலில் அது காலிமுகத்திடலில் இருந்தது. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் நவம்பர் 11இல் இங்கே பொப்பிப்பூ விற்பார்கள். சேரும் பணத்தில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போகும், இலங்கைப் படைவீரருக்குக் கிடைப்பது சொற்பம். 1931இல் முன்னாள் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா இதை எதிர்த்து, பொப்பிக்குப் பதிலாகச் சூரியமல் விற்கத் தொடங்கினார். சூரியமல் வேறொன்றுமில்லை, எங்கள் வேலியோரத்துப் பூவரசம்பூ. இரண்டு வருடத்தில் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்துப் பெரிய இயக்கமாக மாற்றினார்கள், டொரின் யங் அதன் தலைவியானார். ஆனால் அதன் தொடக்கத்தில் இருந்தது ஒரு மிகச் சாதாரணமான கேள்வி. ஊர்வலம் முடிந்த மறுநாள் அந்த ஆளை யார் பார்ப்பது?

இப்போது ஏன் இவ்வளவையும் எழுதினோம் என்று சொல்கிறோம்.

எங்கள் பாடசாலையின் ஆண்டு நிறைவு நடைபவனி வருகிறது. பழைய மாணவர்கள் வகுப்பு வகுப்பாக டீசேர்ட் அடித்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களை முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் குழுமத்தில் சண்டை. ஒரு பக்கம், “அலங்கரித்த லொறியில் கதிரை போட்டு இருத்துவோம்” என்கிறது. மறுபக்கம், “ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு? அவர்கள் மேடைக்கு வந்தால் போதும், பொன்னாடை போர்த்தி அனுப்புவோம்” என்கிறது.

இரண்டும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. சாமான் ஏற்றும் லொறியின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். வாகனம் எதற்குப் பாவிப்பது என்று ஒரு வரி இருக்கும். பெட்டியில் கதிரை போட்டு எண்பது வயது ஆட்களை ஏற்றுவதற்கு என்று அதில் இருக்காது. மற்றப்படி, மேடையில் மட்டும் வைத்துப் பொன்னாடை போர்த்துவதும் ஒரு வகையில் வீட்டில் இருக்கச் சொல்வதுதான். எங்களுக்கு அகரம் எழுதிக் காட்டியவர்கள், அந்தத் தெருவால் நடந்துதான் பாடசாலைக்கு வந்தார்கள்.

எங்கள் யோசனை இது. ஊரில் ஓட்டோ ஓடும் சகோதரர்கள் பலர் இதே பாடசாலையின் பழைய மாணவர்கள். பத்து ஓட்டோ போதும். பயணிகளை ஏற்றும் காப்புறுதி இருக்கிறதா என்று பத்திரத்தைப் பார்த்தே எடுப்போம். ஒவ்வொரு ஓட்டோவிலும் ஓர் ஆசிரியர், பக்கத்தில் சாதாரண தரம் முடித்த ஒரு பிள்ளை, தண்ணீர்ப் போத்தல், அவருடைய மருந்தின் பெயர் எழுதிய துண்டு. பத்து மணிக்கு அல்ல, ஏழு மணிக்கே தொடங்குவோம். பிரதான வீதியைக் கடக்கும் இடத்துக்குப் பொலிஸிடம் எழுத்தில் அனுமதி கேட்போம். சந்தை முன்னால் பந்தல் போட்டுப் பத்து நிமிடம் நிறுத்துவோம். வைத்தியசாலை அம்புலன்ஸுக்கு இப்போதே கடிதம் கொடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. யாராவது இதில் ஏதாவதொன்றை முடியாது என்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேட்போம். மரியாதையாகத்தான்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பட்டியலில் பதினொரு ஆசிரியர்கள். இவ்வளவு விவாதத்துக்கும் நடுவில் இதுவரை கேட்டது இருவரிடம் மட்டும்தான். ஒருவர் ஓட்டோவுக்குச் சம்மதம், ஆனால் முன்னுக்குப் போகும் ஓட்டோ வேண்டுமாம். மற்றவர் கைத்தடியோடு நடந்துதான் வருவேன் என்கிறார், பக்கத்தில் யாரும் கையைப் பிடிக்கக் கூடாதாம். மீதி ஒன்பது பேரின் வீடுகளுக்கு இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு போகிறோம். கூட வர விரும்புபவர்கள் சொல்லுங்கள்.